நாணும் ஆணையும்: புறப்பாடல்களிற் படையொழுக்கம் பற்றிய ஒரு நோக்கு

சங்கப் புறப்பாடல்கள் வீரத்தைப் பாடுவன என்பது எல்லோரும் அறிந்ததே. ஆனால் அவ்வீரம் எதனால் இயக்கப்பட்டது என்ற வினாவுக்கு நம் திறனாய்வாளர் பெரும்பாலும் ஒரு சொல்லிலேயே விடை கூறி அமைந்துவிடுகின்றனர். மறம் என்பதே அச்சொல்லாகும். மறவன் மறமுடையவன், ஆதலாற் போரிட்டான் என்பது விளக்கமாகாது, கூறியதையே மீண்டும் கூறுவதாகும். பல்லாயிரவர் கூடிய ஒரு படையிலே தனியொருவன் தன் உயிரச்சத்தைக் கடந்து நிற்பதற்கு எது அவனைத் தூண்டியது? வேந்தனின் ஆணையா, ஒறுப்புப் பற்றிய அச்சமா, அன்றித் தன்னை ஒத்தவரின் கண்ணா? படையின் ஒழுக்கத்தை உடன்நிற்போரின் மதிப்பும் இகழ்ச்சியும் எவ்வாறு ஆக்கவும் அழிக்கவும் வல்லன என்பதைப் புறநானூற்றுப் பாடல்கள் சிலவற்றையும் திருக்குறளையும் கொண்டு ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

தொடக்கத்திலேயே ஒரு மறுப்பு எழலாம். சங்ககாலப் படை இன்றைய இராணுவம் போன்று பயிற்சியும் சட்டமும் உடைய நிறுவனம் அன்று. ஆகவே அங்கே படையொழுக்கம் பற்றிப் பேசுவது காலவழுவாகும் எனச் சிலர் கூறுவர். பேராசிரியர் க. கைலாசபதி 1968 இல் வெளியிட்ட ஆங்கில நூலிலே இப்பாடல்களை வீரயுகப் பாடல்களாகக் கண்டு, தனிவீரனின் புகழே அவற்றின் மையம் என நிறுவியமை இம்மறுப்புக்கு வலுவூட்டுவதுபோலத் தோன்றலாம். ஆயினும் தொல்காப்பியர் வெட்சித்திணையைக் கூறுமிடத்து வேந்தனால் விடப்பட்ட வீரரின் செயலாகவே ஆகோளை வரையறுக்கின்றார். பிற்காலத்துப் புறப்பொருள் வெண்பாமாலையோ மன்னுறு தொழில், தன்னுறு தொழில் என அதனை இரண்டாகப் பகுக்கின்றது. ஏவலின் வழிப்பட்ட செயலும் ஏவலின்றித் தாமே மேற்கொண்ட செயலும் வேறு என்ற உணர்வு நம் இலக்கண மரபிலேயே இருந்தது என்பதற்கு இதனினும் சிறந்த சான்று வேண்டுவதில்லை. ஆணைக்குட்பட்ட வன்முறை, ஆணைக்குட்படாத வன்முறை என்ற வேறுபாடே படையொழுக்கம் பற்றிய சிந்தனையின் தொடக்கமாகும்.

1. உடன்நிற்போரின் கண்

புறநானூற்றின் 275 ஆம் பாடல் ஒரூஉத்தனார் பாடியது. அதில் வரும் வீரன் வேந்தனிடம் தான் விரும்பியதைச் சொல்லி அவனைத் தன்வயப்படுத்த வல்லவன். அவனது கண்ணியும் ஆடையும் அவனுக்குப் பொருந்துவதுபோல அதுவும் அவனுக்குப் பொருந்துகின்றது என்று பாடல் தொடங்குகின்றது. இது சற்று இலேசான தொனியிலமைந்த கூற்று. ஆனால் அடுத்த கணமே காட்சி மாறுகின்றது. முன்னணியிற் சிக்குண்ட தன் தோழனை நோக்கி, காலிலே குடர் பிணையப் பகைவர் கூட்டத்தைப் பிளந்து, கன்றைத் தேடும் கறவைப் பசுப்போல அவன் வருகின்றான். வேந்தனோடு உள்ள உறவு சொல்லால் அமைவது. தோழனோடு உள்ள உறவு உயிரால் அமைவது. இரண்டையும் ஒரே பாடலில் அடுத்தடுத்து வைத்த புலவர், போர்க்களத்திலே மனிதனை இழுத்துச் செல்லும் கயிறு எது என்பதை உரையின்றியே உணர்த்திவிடுகின்றார்.

இப்பிணைப்பின் மறுபக்கமே நாண். உடன்நிற்போர் அன்பு செலுத்துபவர் மாத்திரமல்லர். அளந்து பார்ப்பவரும் ஆவர். பூதப்பாண்டியன் பாடிய வஞ்சினப் பாடலை (புறம் 71) நோக்குக. தான் வெல்லாதொழியின் தனக்கு நேரவேண்டிய இழப்புகளை அவன் அடுக்குகின்றான். மனைவியைப் பிரிதலும் முறைகேடான ஆட்சியும் அப்பட்டியலில் உள்ளன. அவற்றோடு ஒப்பவைத்து, மாவன், ஆந்தை, அந்துவஞ்சாத்தன், ஆதன் அழிசி, இயக்கன் எனத் தன் நண்பர் ஐவரைப் பெயர் சுட்டி, அவர்களோடு கூடிச் சிரித்து மகிழும் வாழ்வை இழப்பேனாக என்கின்றான். நாடாளும் மன்னன் ஒருவன் அஞ்சும் பெருந்தண்டனைகளுள் ஒன்று, நண்பர் கூட்டத்தின் நகையிலிருந்து விலக்கப்படுதல். கூட்டத்தாற் புறக்கணிக்கப்படுதலே வீரனுக்கு இறப்பினும் கொடியது என்ற உளவியலுண்மை இங்கே வெளிப்படை.

தலையாலங்கானத்துச் செருவென்ற நெடுஞ்செழியனின் வஞ்சினமும் (புறம் 72) இத்தன்மையதே. ஒத்த வேந்தர் அவனை இளையன் என எள்ளியமையே அதன் தோற்றுவாய். தோற்பின் தன் குடிகள் தன்னைக் கொடியன் எனத் தூற்றுக எனவும், மாங்குடி மருதனைத் தலைவனாகக் கொண்ட புலவர் தன் நாட்டைப் பாடாது விடுக எனவும் கூறி அவன் தன்னைப் பிணித்துக் கொள்கின்றான். வஞ்சினம் என்பது பலர் கேட்பக் கூறப்படுவது. கேட்போர் இன்றேல் அதற்குப் பிணிப்பாற்றல் இல்லை. எனவே வஞ்சினக்காஞ்சி என்னும் துறையே, ஒருவன் தன் சொல்லுக்குப் பிறரைப் பிணையாளராக ஆக்கும் ஒரு சமூக ஒப்பந்தமாகும் எனலாம்.

இந்நாண் மகளிர் வாயிலாகவும் செயற்படுகின்றது. காக்கைபாடினியார் நச்செள்ளையாரின் பாடல் (புறம் 278) இருபதாம் நூற்றாண்டு முழுவதும் மேடைகள்தோறும் எடுத்தாளப்பட்டது. மகன் புறமுதுகிட்டு மாய்ந்தான் எனக் கேட்ட முதியவள் தன் முலையை அறுப்பேன் எனச் சினந்து களம் புகுந்ததும், சிதைந்து வேறாகிக் கிடந்த உடலைக் கண்டு ஈன்ற பொழுதினும் பெரிது மகிழ்ந்ததும் மாணவர் அனைவரும் அறிந்தவை. ஆனால் அச்செய்தியை அவளுக்குச் சொன்னவர் யார்? பலர் கூறினர் என்பதே பாடல் தரும் விடை. அவர்கள் கூறியது பொய். ஊராரின் ஆதாரமற்ற பேச்சு ஒன்று, தாயைக் களத்திற் கிடந்த பிணங்களைப் புரட்டித் தன் மகனைத் தேடச் செய்கின்றது. இப்பாடலை வீரத்தாயின் பெருமிதமாக மாத்திரம் காண்போர், அப்பெருமிதத்துக்கு முன்னே நிகழ்ந்த பழிதூற்றலின் கொடுமையைக் காணத் தவறுகின்றனர். புலவர் அதனைத் தவறவிடவில்லை.

2. முறை

ஒழுக்கம் என்பது அச்சமின்மை மாத்திரமன்று, வரிசையில் நிற்றலுமாகும். இதுபற்றிய மிக நுண்ணிய பாடல் விரிச்சியூர் நன்னாகனாருடையது (புறம் 292). போருக்கு முன்னர் வேந்தனது மது வீரருக்கு முறைப்படி வழங்கப்படுகின்றது. ஒருவன் அம்முறையை விலக்கி, வாளைப் பற்றி நிற்கின்றான். சூழ நின்றோர் சினக்கின்றனர். அவர்களைச் சிறுமையுடையோர் என விளித்துப் புலவர் அமைதிப்படுத்துகின்றார்: இங்கே முறையைக் கடந்தவன், களத்திலும் தன் முறை வரட்டும் எனக் காத்திரான்; எழுந்துவரும் பெரும்படையைத் தனித்து நின்று தடுப்பான்.

பாடலின் தீர்ப்பு வீரனுக்குச் சார்பானது. ஆயினும் அதில் ஒரு வழக்கு நடைபெறுவதை நாம் காணவேண்டும். முறை மீறியவனைக் கண்டித்தவன் வேந்தனல்லன்; படைத்தலைவனுமல்லன். உடனிருந்து குடிப்போரே அவனைக் கண்டிக்கின்றனர். அவனை மன்னிப்பதும் அவர்கள் கையிலேயே விடப்படுகின்றது. முறை என்ற ஒரு சொல்லையே இருமுறை ஆண்டு, குடிக்கும் வரிசையையும் சாகும் வரிசையையும் புலவர் ஒன்றாக்கிக் காட்டுகின்றார். முன்னதில் முந்துதல் குற்றம். பின்னதில் முந்துதல் பெருமை. முந்தும் இயல்பு ஒன்றே. அதனைக் குற்றமென்றோ பெருமையென்றோ ஆக்குவது கூட்டத்தின் மதிப்பீடே.

ஔவையாரின் பாடல் (புறம் 290) இதன் மறுதலை. மதுவை முதலில் இவனுக்குக் கொடுத்துப் பின் நீ உண்பாயாக என வேந்தனிடமே அவர் கூறுகின்றார். இவனது பாட்டன் உன் பாட்டனுக்காக, ஆர்க்கால்கள் செறிந்த சக்கரக் குறடுபோல வேல்கள் தைக்க நின்று மாய்ந்தவன் என்பது காரணம். இங்கே வரிசையை மாற்றும் உரிமை குருதியால் ஈட்டப்பட்டது. வேந்தனும் அக்கணக்குக்கு உட்பட்டவனே.

3. திசையற்ற ஆற்றல்

இதுவரை கூறியவற்றால் ஒன்று பெறப்படும். புறப்பாடல் காட்டும் படையின் உறுதி, ஆணையிலிருந்து கீழ்நோக்கி இறங்குவதன்று. ஒத்தாரிடையே பக்கவாட்டிற் பரவுவது. இரண்டாம் உலகப் போருக்குப் பின்னர் மேலைத்தேயச் சமூகவியலாளர் கண்ட முடிவும் இதுவே. ஜேர்மானியப் படை தோல்வியின் விளிம்பிலும் ஏன் சிதறவில்லை என ஆராய்ந்த ஷில்சும் ஜனோவிற்சும் 1948 இல் வெளியிட்ட கட்டுரையிலே, கொள்கைப் பற்றைவிடத் தன் சிறுகுழுவின் மேலுள்ள பிணைப்பே சாதாரண வீரனைத் தாங்கிநின்றது என்றனர்.

ஆனால் இவ்வாற்றலுக்குத் தனக்கெனத் திசையில்லை. நெட்டிமையார் பாடிய இரு பாடல்களை அருகருகே வைத்து நோக்குக. பல்யாகசாலை முதுகுடுமிப் பெருவழுதியின் படை, பசுக்களும் அந்தணரும் பெண்டிரும் பிணியாளரும் மகப்பேறற்றோரும் பாதுகாப்பான இடம் செல்லுமாறு முன்னறிவித்துப் பின்னரே அம்பு தொடுக்கும் அறநெறியுடையது என ஒன்றிலே (புறம் 9) போற்றப்படுகின்றது. மற்றொன்றிலே (புறம் 15) அதே வேந்தன் பகைவரின் தெருக்களைக் கழுதை பூட்டி உழுது பாழாக்குகின்றான். விளைவயல்கள் குதிரைக் குளம்பால் அழிகின்றன. பாடிய புலவரும் பாடப்பட்ட வேந்தனும் ஒருவரே. முன்னறிவிப்பு வேந்தனின் வாயில் இருந்தது. களம் புகுந்த பின்னர் அது எங்கே போயிற்று என்பதைப் பாடல் கூறவில்லை.

காரிக்கண்ணனார் இன்னும் வெளிப்படையாகப் பேசுகின்றார். இலவந்திகைப்பள்ளித் துஞ்சிய நன்மாறனிடம் அவர் வேண்டுவது (புறம் 57) மிகச் சிறியது: உன் இளையர் கழனிகளைக் கவரட்டும், பேரூர்கள் எரியட்டும், காவல் மரங்களை மாத்திரம் வெட்டாதிருப்பாயாக. இவ்வேண்டுகோளை அறவுரை என்பதைவிட, தடுக்கவியலாத ஒன்றின்முன் புலவர் செய்த பேரம் என்பதே பொருந்தும். இளையர் கூட்டம் ஊர் புகுந்தபின் எதனைத் தடுக்கலாம், எதனைத் தடுக்கவியலாது என்பதை அவர் அறிந்திருந்தார் போலும்.

நம் காலத்துச் சான்றுகள் இதனை உறுதிப்படுத்துகின்றன. கிறிஸ்தோபர் பிரௌனிங் 1992 இல் வெளியிட்ட நூல், ஜேர்மானியச் சேமப் பொலிஸ் படைப்பிரிவு 101 பற்றியது. 1942 யூலையிலே போலந்தின் யூசெஃபூவ் என்னும் ஊரில் யூதரைச் சுட்டுக் கொல்லுமாறு பணிக்கப்பட்டபோது, இயலாதவர் விலகலாம் எனத் தளபதியே கூறினார். ஏறத்தாழ ஐந்நூறு பேருள் முதலில் விலகியோர் பன்னிருவர் அளவினரே. மறுத்தால் ஒறுப்பு இல்லை. ஆணையின் அழுத்தமும் தளர்ந்திருந்தது. எஞ்சியோரைப் பிணித்தவற்றுட் பெரியது, கோழை எனத் தோழர் கருதிவிடுவரோ என்ற நாணும், இழிதொழிலைத் தோழர் தலையில் விட்டு ஒதுங்குவது தகாது என்ற எண்ணமுமாகும். 275 ஆம் பாடலின் வீரனைத் தோழனிடம் ஓடச்செய்த அதே உணர்ச்சி இங்கே கொலைக்குழியின் விளிம்பில் மனிதரை நிறுத்திவைத்தது.

தமிழகத்தின் வேலூர்க் கோட்டையிலே 1806 யூலை 10 ஆந் திகதி நிகழ்ந்த சிப்பாய்க் கிளர்ச்சி வேறொரு கோணத்தைக் காட்டும். புதிய தலைப்பாகையை அணிய மறுத்தோருக்குக் கசையடி விதிக்கப்பட்டது. அணிந்தோரோ தம்மவரின் ஏளனத்துக்கு உள்ளாயினர். மேலிருந்து வந்த ஆணையும் பக்கத்திலிருந்து வந்த இகழ்ச்சியும் மோதியபோது பின்னதே வென்றது. முஸ்தபா பேக் என்ற சிப்பாய் சதியை முன்னரே வெளிப்படுத்தினான். அவன் கூற்றை விசாரிக்கும் பொறுப்பு இந்திய அதிகாரிகளிடமே ஒப்படைக்கப்பட, அவர்கள் அவனைப் பித்தன் எனக் கூறித் தள்ளினர். கூட்டத்திலிருந்து பிரிந்த ஒரு குரல் எவ்வாறு கேளாததாக்கப்படும் என்பதற்கு இது சான்று. அந்நியர் ஆட்சிக்கு எதிரான அவ்வெழுச்சியை நாம் போற்றலாம். ஆயினும் அது செயற்பட்ட முறையை அறிந்தே போற்றவேண்டும்.

இலங்கையர் தொடர்புடைய நிகழ்ச்சியும் ஒன்றுண்டு. 1942 மே 8 ஆந் திகதி இரவு கொக்கோஸ் தீவுகளிலே நிறுத்தப்பட்டிருந்த இலங்கைக் காவற் பீரங்கிப் படையினருள் ஒரு பகுதியினர் கிரேஷன் பெர்னாண்டோவின் தலைமையிற் கிளர்ந்தெழுந்தனர். வீரர் ஒருவர் உயிரிழந்தார், அதிகாரி ஒருவர் காயமுற்றார், கிளர்ச்சி தோற்றது. அவ்வாண்டு ஓகஸ்ட் மாதத்திலே மூவர் கொழும்பு வெலிக்கடைச் சிறையில் தூக்கிலிடப்பட்டனர். அப்போரிலே கலகக் குற்றத்துக்காகத் தூக்கிலிடப்பட்ட பொதுநலவாயப் படையினர் இவர்கள் மாத்திரமே. ஒரே தீவில், ஒரே அணியில் வாழ்ந்தோருட் சிலரைத் தோழமை கிளர்ச்சிக்கு இட்டுச்சென்றது. வேறு சிலர் எதிர்நின்றனர். சிறுகுழுவின் பிணைப்பு எப்பொழுதும் ஆணைக்குத் துணைசெய்யும் என எந்த அரசும் எண்ணி அமைந்திருத்தல் இயலாது.

1983 யூலையை இங்கே விட்டுச்செல்வது நேர்மையாகாது. அம்மாதம் 23 ஆந் திகதி இரவு திருநெல்வேலியிற் படையினர் பதின்மூவர் தாக்குதலில் இறந்தனர். அடுத்து யாழ்ப்பாணத்திலே அவர்களின் தோழர்கள் பொதுமக்களைச் சுட்டுக் கொன்றனர். பொரளையில் மூண்ட தீ வெள்ளவத்தை, தெகிவளை எனப் பரவியபோது, காக்கவேண்டிய படையினர் பலவிடங்களில் வாளாவிருந்தனர். களுபோவிலையிலும் வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் வாழும் தமிழருக்கு இதற்கு விளக்கவுரை வேண்டியதில்லை. தோழரின் சாவுக்குப் பழிவாங்குதல் தன்னுறு தொழில். மக்களைக் காத்தல் மன்னுறு தொழில். முன்னது பின்னதை விழுங்கியது. அதற்கு ஆணையிட்டோரும் ஆணையிடாது விட்டோரும் பொறுப்பாளிகளே என்பதையும் மறத்தலாகாது.

4. வள்ளுவரின் திருத்தம்

திருக்குறளின் படைமாட்சி, படைச்செருக்கு என்னும் அதிகாரங்கள் புறப்பாடல் மரபின் சுருக்கம் என்றே பொதுவாகக் கருதப்படுகின்றன. இக்கருத்து மறுபரிசீலனைக்குரியது. வீரத்தோடும் மானத்தோடும், முன்னோர் நன்னெறியில் நிற்றலையும் தலைவனால் தெளியப்படுதலையும் சேர்த்தே வள்ளுவர் படைக்குக் காவல் என்கின்றார் (766). மறமும் மானமும் புறப்பாடலிலேயே உள்ளன. நெறியும் நம்பகமும் அவற்றுக்கு இடப்பட்ட கரைகள். நிலைத்த வீரர் பலர் இருப்பினும் தலைவர் இல்வழிப் படை இல்லை (770) என்பதும் அக்கரையின் இன்னொரு பகுதி. பகைவனிடம் காட்டும் கடுமையைப் பேராண்மை என்ற வள்ளுவர், அவனுக்கு இடுக்கண் நேர்ந்தபோது காட்டும் கண்ணோட்டத்தையே அதன் கூர்மை என்கின்றார் (773). இரக்கம் வீரத்தை மழுக்கும் என்பது பாசறைப் பேச்சு. இரக்கமே வீரத்தின் முனை என்பது அப்பேச்சுக்கு நேரெதிரான தீர்ப்பு.

எனினும் வள்ளுவரின் தலையாய பங்களிப்பு இவ்வதிகாரங்களுக்கு வெளியே, நாணுடைமையில் உள்ளது. தகாத செயல் காரணமாக நாணுதலே நாண் என அவர் வரையறுக்கின்றார் (1011). பிறர் என்ன சொல்வர் என்ற கூச்சத்தை அவர் நாண் எனக் கொள்ளவில்லை. அடுத்து, பிறர்க்கு வரும் பழியையும் தமக்கு வரும் பழிபோல நாணுவோரே நாணுக்கு உறைவிடம் என்கின்றார் (1015). இவ்விரு குறள்களையும் பாசறைக்குள் கொண்டுசென்று பொருத்திப் பார்த்தால், இக்கட்டுரையின் சிக்கல் அவிழத் தொடங்கும். தோழன் என்னைக் கோழை என்பானோ என அஞ்சுவது ஒரு நாண். என் தோழன் செய்யும் கொடுமைக்கு நான் நாணுவது மற்றொரு நாண். இரண்டும் தோழமையிலிருந்தே பிறக்கின்றன. முன்னது மனிதனைக் கூட்டத்துக்குள் கரைக்கின்றது. பின்னது கூட்டத்தின் முன்னே அவனை நிறுத்துகின்றது.

இரண்டாவது நாண் வெறும் இலட்சியம் அன்று. 1968 மார்ச் 16 ஆந் திகதி வியட்நாமின் மை லாய் கிராமத்திலே அமெரிக்கப் படையினர் பொதுமக்களைக் கொன்று குவித்தபோது, ஹியூ தொம்சன் என்ற ஹெலிகொப்டர் விமானி தன் நாட்டு வீரருக்கும் கிராமத்தவருக்கும் இடையே தன் ஊர்தியை இறக்கினார். தன் படையினரே மக்களைச் சுட்டால் அவர்களைத் திருப்பிச் சுடுமாறு தன் துணைவருக்குப் பணித்தார். தோழரின் பழியைத் தன் பழியாகக் கண்டவர் அவர். நீண்டகாலம் அவரைத் துரோகி என இகழ்ந்தோர் பலர். 1998 இல் அவருக்குப் பதக்கம் வழங்கப்படும்வரை முப்பதாண்டுகள் சென்றன. கூட்டத்தை எதிர்த்தவனுக்குக் கூட்டம் விதிக்கும் தண்டனையின் நீளம் அது.

தலைவனின் பங்கை நெடுநல்வாடை காட்டுகின்றது. நள்ளிரவிலே, வாடைக்காற்றில், சிலரோடு சென்று புண்பட்ட வீரரை ஒவ்வொருவராகக் காணும் வேந்தனை நக்கீரர் தீட்டியுள்ளார். முல்லைப்பாட்டின் வேந்தனும் புண்பட்டோரை நினைந்து துயிலின்றிக் கிடக்கின்றான். ஆணை, தோழமையின் மொழியைக் கற்றுக்கொள்ளும் தருணங்கள் இவை. ஒறுப்பால் மாத்திரம் ஆளும் தலைவன் தன் படையின் உள்ளத்துக்குப் புறத்தே நிற்பான். புண்ணை அறிந்த தலைவனே அப்படையின் நாணைத் திசைதிருப்பும் தகுதியைப் பெறுவான்.

முடிவாக நோக்குமிடத்து, புறப்பாடல்களை நாம் இதுவரை பயின்ற முறை மாறவேண்டும் என்றே தோன்றுகின்றது. அவற்றிலுள்ள நாணை வீரம் என்று மாத்திரம் பெயரிட்டு இளைஞருக்குக் கொடுத்த தலைமுறைகள் பல. அதன் விலையை ஈழத்தமிழர் 2009 வரை கொடுத்தனர். களத்தில் மாய்ந்தோர் மாத்திரமல்லர். முகாம்களுக்குள் ஐயத்தின் பேராலும் கட்டுப்பாட்டின் பேராலும் தோழராலேயே அழிக்கப்பட்டோரும் அக்கணக்கில் அடங்குவர். 1985 இல் வெளிவந்த கோவிந்தனின் 'புதியதோர் உலகம்' என்னும் நாவல் அவ்விருளை உள்ளிருந்தே எழுதியது. அதனைப் புறநானூற்றோடு ஒருங்கே வைத்துக் கற்பிக்கும் துணிவு நம் தமிழ்த்துறைகளுக்கு வேண்டும்.

வெண்ணிப்போரிலே கரிகாலன் வென்றான். பெருஞ்சேரலாதன் புறப்புண்ணுக்கு நாணி வடக்கிருந்தான். வென்றவனின் முகத்துக்கு நேரே, தோற்றவன் நின்னினும் நல்லன் அல்லனோ என வெண்ணிக்குயத்தியார் வினவினார் (புறம் 66). அவர் போர்வீரரல்லர், அரசருமல்லர். வெற்றிக் களிப்பில் எல்லோரும் ஒன்றையே கூறிக்கொண்டிருந்த அவையிலே, வேறொன்றைக் கூறும் உரிமையை அவர் விட்டுக்கொடுக்கவில்லை. புறப்பாடல் மரபில் வாளேந்திய நாண் மாத்திரமன்றி இக்குரலும் உண்டு. திறனாய்வு தனக்குரிய முன்னோராகக் கொள்ளவேண்டியது அக்குயத்தியாரையே.